நீலகண்டனின் கேள்வியும் புனித தேவசகாயத்தின் பதிலும்



"யாருக்கும் கெடுதல் நினைக்காத எனக்கு ஏன் இந்தக் கதி?" நம் சாத்தூர் வட்டாரத்தில் இந்தக் கேள்வி எழாத தெரு இல்லை. 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளம் பட்டாசு ஆலை வெடிவிபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தபோது, நம்மில் பலர் இதைக் கடவுளிடமே கேட்டோம். இப்படிக் கேட்டால் விசுவாசம் குறைந்துவிட்டதோ என்று அஞ்சவும் செய்கிறோம். ஆனால் இதே கேள்வியிலிருந்துதான் நம் தமிழ் மண்ணில் ஒரு புனிதரின் விசுவாசப் பயணம் தொடங்கியது.

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து நட்டாலத்தில் 1712-இல் பிறந்தவர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் அலுவலர். கௌரவமான குடும்பம், நல்ல பதவி. ஆனால் அடுத்தடுத்து இழப்புகள் வந்தன. கால்நடைகள் மடிந்தன, பயிர்கள் பாழாயின. தெய்வம் ஏன் இப்படிச் சோதிக்கிறது என்று அவர் மனம் கலங்கினார்.

அந்தக் கலக்கத்தை அவர் மனம்விட்டுச் சொன்னது டிலனாய் என்ற கத்தோலிக்கரிடம். 1741-இல் குளச்சல் போரில் டச்சுப் படையோடு தோற்றுச் சிறைப்பட்டு, பின்னர் மன்னரின் படைக்கே பயிற்சி அளித்தவர் டிலனாய். இழப்பு என்றால் என்னவென்று அவருக்கும் தெரியும். அவர் நீலகண்டனுக்கு யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார்.

யோபுவின் நண்பர்கள், அவர் பாவம் செய்ததால்தான் துன்பம் வந்தது என்று சாதித்தார்கள். யோபுவோ அழுதார், வாதாடினார், கடவுளையே கேள்வி கேட்டார். ஆனாலும் கடவுளை விட்டு விலகவில்லை. இறுதியில் ஆண்டவர் சினம் கொண்டது, துன்பப்பட்டவர் மேல் பழி போட்ட அந்த நண்பர்கள் மீதுதான்.

இந்த வரலாறு நீலகண்டனின் உள்ளத்தைத் தொட்டது. 1745-இல் வடக்கன்குளத்தில் இயேசு சபைக் குரு புத்தாரி அடிகளிடம் திருமுழுக்குப் பெற்று, 'லாசர்' என்னும் பெயரின் தமிழ் வடிவமான 'தேவசகாயம்' என்ற பெயரை ஏற்றார். கடவுளே துணை என்பது அதன் பொருள்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். திருமுழுக்குப் பெற்றதும் அவர் இழந்தவை திரும்பி வந்தனவா? இல்லை. இருந்ததும் போயிற்று. 1749-இல் கைது செய்யப்பட்டார். எருமை மீது ஏற்றி ஊர் ஊராக அவமானப்படுத்தினார்கள். சுமார் மூன்று ஆண்டுச் சிறைக்குப் பின், 1752 சனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மாடு செத்ததற்குக் கலங்கிய அதே மனிதர், உயிர் போகும் வேளையிலும் கலங்கவில்லை. வந்த துன்பம் குறையவில்லை. துன்பத்தில் உடனிருப்பவர் யார் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். இந்தியாவின் முதல் பொதுநிலைப் புனிதர் அவர். குருவல்ல, துறவியல்ல, நம்மைப் போல் குடும்பம் நடத்தியவர்.

அன்பர்களே, விசுவாசம் என்பது விபத்துக்கும் நட்டத்துக்கும் எடுத்து வைக்கும் காப்பீடு அல்ல. ஐயம் வரும்போது அதை நெஞ்சுக்குள் பூட்டி வைக்காமல், ஆண்டவர் முன் கொட்டுவோம். நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் சொல்வோம். அதேபோல், துக்க வீட்டுக்குப் போகும்போது "எல்லாம் செய்த பாவம்" என்று சொல்லும் யோபுவின் நண்பர்களாக நாம் இருக்க வேண்டாம். அருகில் உட்கார்ந்து கேட்ட டிலனாயாக இருப்போம். நம் ஊரில் இன்று கேள்வியோடு அழும் ஒருவரை, ஆண்டவர் நம் வழியாகத் தேற்றக் காத்திருக்கிறார்.

புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.