எஞ்சிய முப்பது

திருகோணமலையின் சரித்திரத்தை எழுதியவர்கள் கோட்டைகளை எண்ணினார்கள், கப்பல்களை எண்ணினார்கள், எண்ணெய்த் தாங்கிகளையும் எண்ணினார்கள். சீனன்குடாவின் காட்டுக்குள் 99 தாங்கிகள் இன்றும் நிற்கின்றன. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் துறைமுகத்தின் மேல் குண்டு பொழிந்ததையும், அவற்றுள் ஒன்று 91ஆம் இலக்கத் தாங்கியில் மோதியதையும் ஊரில் அறியாதார் இல்லை. ஆனால் பாரந்தூக்கியின் கம்பிவடத்தில் அகப்பட்ட கை என்னவாயிற்று, கை போனபின் அதற்குரியவன் எங்கே போனான் என்று கேட்ட நூலைக் காண்பது அரிது.

கப்பல் பட்டறை எந்தக் கடலோரத்தில் இருந்தாலும் அது தரும் ஊனங்கள் ஒன்றே. தறையாணி அறைபவன் நாளடைவில் செவிடாவான். இரும்பை வெட்டுபவனின் கண்ணில் பொறி பறக்கும். சுமை நழுவினால் கால் போகும். இவை விதியின் விளையாட்டல்ல. உழைப்பின் தன்மையிலேயே அடங்கிக் கிடக்கும் ஆபத்துக்கள்.

இந்த இழப்புக்கு அதிகாரத்தில் இருந்தோர் கண்ட முதல் விடை பணம். இந்தியாவில் 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் மனித உடலுக்கு ஓர் அட்டவணை தயாரித்தது. வலக்கை முழங்கையோடு போனால் சம்பாதிக்கும் ஆற்றலில் நூற்றுக்கு 70 போயிற்று, இடக்கையாயின் 60, ஒரு கண் 30, கட்டைவிரல் 25, சுட்டுவிரல் 10. இலங்கையில் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இதே பாதையில் வந்தது. அதை நாம் சிறுமைப்படுத்தவில்லை. கூலியாளின் கைக்கு ஒரு விலையாவது உண்டு என்று ஏற்கச் செய்வதே அக்காலத்தில் பெரும் போராட்டமாக இருந்தது. ஆயினும் அந்தக் கணக்கில் ஒரு பாதி எழுதப்படவேயில்லை. எழுபது போனால் முப்பது எஞ்சுகிறதே, அந்த முப்பதைக் கொண்டு அவன் எங்கே உழைப்பது? சட்டம் வாய் திறக்கவில்லை. நட்டஈட்டைக் கொடுத்த கையே வேலைநீக்கக் கடிதத்தையும் நீட்டலாம்.

திருகோணமலை டொக்யாட்டை ஆண்ட அரசு, அதே யுத்தத்தின் நடுவில், தன் சொந்த நாட்டில் வேறொரு விடையைத் தேடியது. அப்போது அங்கே தொழில் அமைச்சராக இருந்தவர் ஏர்னஸ்ட் பெவின். இளமையில் பிரிஸ்டல் நகரில் வண்டி ஓட்டியவர். 1920இல் துறைமுகத் தொழிலாளரின் கூலிக்காக விசாரணை மன்றத்தில் வாதாடிப் பெயர் பெற்றவர். அவர் காலத்தில் வந்த 1944ஆம் ஆண்டுச் சட்டம், 20 பேருக்குக் குறையாமல் வேலைக்கு வைத்திருக்கும் முதலாளி தம் ஆட்களில் ஒரு பங்கினரை அங்கவீனராகக் கொள்ள வேண்டும் என்றது. அப்பங்கு நூற்றுக்கு மூன்று என வகுக்கப்பட்டது. அந்த அளவுக்குக் கீழே இறங்கும்படி, தக்க காரணமின்றி அவர்களை விலக்கவும் கூடாது. வேலையில் சேர்ப்பதோடு நிற்காமல், வேலையில் வைத்திருப்பதைப் பற்றியும் சட்டம் பேசியது.

அதன் குறைகளையும் சொல்ல வேண்டும். மீறிய முதலாளிமீது வழக்குத் தொடரப்பட்டது மிக அரிது. 1946இல் அங்கவீனருக்கென்றே இரண்டு தொழில்கள் ஒதுக்கப்பட்டன: மின்தூக்கி இயக்குவது, வாகனத் தரிப்பிடத்தைக் காவல் செய்வது. மின்தூக்கியில் நாள்தோறும் மேலே போய் வந்தவனின் உத்தியோகம் மட்டும் மேலே போகவில்லை! எப்படியாயினும், இந்த அரைகுறைப் பாதுகாப்புக்கூடக் கடல் கடந்து குடியேற்ற நாட்டுத் துறைமுகத்துக்கு வரவில்லை.

1957 ஒக்டோபர் 15ஆம் திகதி பிரித்தானியர் கடற்படைத் தளத்தைக் கையளித்தனர். ஏகாதிபத்தியத்தின் கொடி இறங்கியதை மக்கள் கொண்டாடியது நியாயம். ஆனால் கொடி இறங்கியபோது பட்டறையில் வேலையும் சுருங்கியது. இரண்டு கை உள்ளவனே வேலை தேடி அலையும் ஊரில் ஒற்றைக் கையனை யார் தேடுவர்?

சுதந்திர இலங்கையின் சட்டங்கள் மெல்லவே நகர்ந்தன. 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளியின் எழுத்து மூலமான சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி அவனை விலக்குவதைத் தடுத்தது. நல்ல சட்டம். ஆனால் 15 பேருக்குக் குறைந்த நிறுவனங்களும், 180 நாள் வேலை நிறையாத தொழிலாளரும் அதன் நிழலுக்கு வெளியே. துறைமுக வேலையில் நாட்கூலிக்கு நிற்பவனுக்கு 180 நாள் என்பது எவ்வளவு தூரம் என்பதை விளக்க வேண்டியதில்லை. 1988இல் வந்த பொது நிருவாகச் சுற்றறிக்கை, அரச சேவையிலும் கூட்டுத்தாபனங்களிலும் வெற்றிடங்களில் நூற்றுக்கு மூன்றை அங்கவீனருக்கு அளிக்கச் சொன்னது. கவனியுங்கள்: வெற்றிடங்களில். உள்ளே இருப்பவனைப் பற்றியோ, அவன் பதவி உயர்வைப் பற்றியோ அது பேசவில்லை. 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டமும், வேலைக்கு ஆட்சேர்க்கும்போது பாரபட்சம் கூடாது என்பதோடு நின்றது.

‘அங்கவீனர்’ என்ற சொல்லை விடுத்து ‘மாற்றுத்திறனாளி’ என்று இன்று எழுதுகிறோம். மாறட்டும். பதவிப் பட்டியலில் அவர் பெயர் எத்தனை ஆண்டு ஒரே வரியில் கிடக்கிறது என்பதையும் கூடவே பார்க்க வேண்டும்.

பாக்கு நீரிணைக்கு அப்பால், இலங்கைச் சட்டத்துக்கு ஓராண்டு முந்தி, 1995இல் இந்தியப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தின் 47ஆம் பிரிவு நம் கேள்விக்கு நேராகவே வருகிறது. அரச நிறுவனத்தில் பணிக்காலத்தில் ஊனமுற்றவரை விலக்கவோ தரம் இறக்கவோ கூடாது. பழைய வேலை இயலாதாயின், அதே சம்பளத்தோடும் சலுகைகளோடும் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையாயின், உரிய இடம் கிடைக்கும்வரை மேலதிகப் பதவி ஒன்றை உண்டாக்கி அதில் வைத்திருக்க வேண்டும். ஊனத்தை மட்டும் காரணமாக்கிப் பதவி உயர்வை மறுக்கலாகாது. 2016ஆம் ஆண்டின் புதிய சட்டமும் இதைத் தொடர்ந்தது. தனியார் முதலாளி இதற்குள் அகப்படவில்லை. அது பெரும் ஓட்டைதான்.

கடமையின்போது அடிபட்டு இடக்காலை இழந்த காவலர் ஒருவர் அந்தப் பிரிவைக் கையில் ஏந்தி டில்லி உச்ச நீதிமன்றம்வரை போனார். இயலாமைக்குரிய ஓய்வூதியம் கொடுத்தாயிற்று, கணக்குத் தீர்ந்தது என்றது அரசுத் தரப்பு. ஓய்வூதியம் பெறுகிறார் என்பதற்காக இப்பாதுகாப்பை மறுக்க முடியாது என்று 2003 பெப்ரவரியில் தீர்ப்பாயிற்று. திருகோணமலை இறங்குதுறையில் நாளை ஒருவர் காலை இழந்தால், அவர் எடுத்துக் காட்டுவதற்கு 1934ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் இருக்கிறது, பலமுறை திருத்தப்பட்ட நிலையில். 47ஆம் பிரிவு போன்ற ஒன்று இல்லை.