முள்ளெலிக்கும் ஒரு வம்சாவளி

வம்சாவளி அரசர்களுக்கு மட்டும்தானா என்று மாணவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அமெரிக்காவில் செல்லப்பிராணி முள்ளெலிக்கும் அதை எழுதி வைக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்துகொண்டிருந்த முள்ளெலிகளை, கோமாரி நோய் பயத்தால் 1991-இல் அரசு தடுத்துவிட்டது. அப்புறம் என்ன? ஏற்கெனவே வந்து சேர்ந்தவற்றுக்குள்ளேயே இனப்பெருக்கம். 1990-களில் தள்ளாட்ட நோய் தெரிய வந்தது. பின்னங்கால் தடுமாறும், மெல்ல உடலே செயலிழக்கும். குணமாக்க மருந்து கிடையாது. பரம்பரையாக வருவதாகக் கருதுகிறார்கள். சிக்கல் என்னவென்றால், பெரும்பாலும் இரண்டு வயதை ஒட்டித்தான் நோய் தெரியும். அதற்குள் குட்டிகள் போட்டிருக்கும்! அதனால்தான் பதிவேட்டில் தாய், தந்தை, பாட்டன், பாட்டி பெயரோடு எப்படிச் செத்தது என்பதும் வேண்டியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் அந்த வழிக் குட்டிகளை இணை சேர்க்காமல் நிறுத்த முடியும். வாங்கியவர் அது செத்த சேதியை வளர்த்து விற்றவரிடம் சொல்லாவிட்டால் அந்தக் கட்டம் காலியாகவே கிடக்கும்.