அச்சம் வளர்த்த நோய்

ஆங்கிலேய ஆட்சியில் மெக்காலே தொடங்கிவைத்த பணியின் பயனாக 1860-ஆம் ஆண்டில் நிறைவேறி, 1862-ஆம் ஆண்டு முதல் அமலுக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆவது பிரிவு, இயற்கைக்கு மாறானது என்று தான் கருதிய உடற்சேர்க்கைக்கு, இருவரும் மனமொப்பிக் கூடியிருப்பினும், ஆயுள் தண்டனை வரை விதிக்க இடமளித்தது. ஒன்றேகால் நூற்றாண்டு கழிந்து, 1986-இல், சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய குழுவினரும் எச்.ஐ.வி. கிருமி இந்நாட்டில் புகுந்துவிட்டதை முதன்முதலாகக் கண்டறிந்த பின்னர், அப்பழைய பிரிவு, அதனை இயற்றியோர் கனவிலும் கருதியிராத புதியதொரு தீங்கினை விளைவிக்கலாயிற்று.

இப்பிரிவு குற்றமெனக் கருதிய, ஆண்களுக்கிடையே நிகழும் உறவில், பாதுகாப்பு இல்லையெனில் இக்கிருமி எளிதில் தொற்றும். ஆணுறை அதனைப் பெரிதும் தடுக்கும். ஆனால் மருத்துவரிடம் உண்மையைச் சொல்வதே குற்றத்தை ஒப்புக்கொள்வதாகிவிடும் என்று நடுங்குகிறவன் அவரிடம் ஆலோசனை பெறுவது எங்ஙனம்? சுற்றத்தாரின் வற்புறுத்தலுக்கு இணங்கி மணம் புரிந்து, தன் இயல்பை மறைத்து வாழ்ந்த ஆணின் அச்சமோ, ஏதுமறியாத மனைவியையும் அபாயத்துக்கு உள்ளாக்கியது.

டில்லித் திகார் சிறையில் கைதிகளுக்கு ஆணுறை வழங்குவது உசிதம் என்ற யோசனை 1994-இல் எழுந்தபோது, அது குற்றத்துக்கு ஊக்கமளிப்பதாகும் என்று அதிகாரிகள் மறுத்தனர். இதையடுத்து, 'எய்ட்ஸ் பேத்பாவ் விரோதி ஆந்தோலன்' என்னும் எய்ட்ஸ் பாகுபாட்டு எதிர்ப்பு இயக்கத்தார் 377-ஆவது பிரிவையே எதிர்த்து டில்லி உயர்நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கும் பலன் காணாது போயிற்று. 2001-ஆம் ஆண்டு ஜூலையில், லக்னோவில் ஆண்களிடையே நோய்த்தடுப்புப் பிரசாரம் செய்துவந்த தொண்டர் நால்வரைப் போலீசார் இதே பிரிவின்கீழ்க் கைது செய்து, அவர்கள் வைத்திருந்த சுகாதாரப் பிரசுரங்களை ஆபாசம் என்று பறிமுதல் செய்தனர். ஜாமீன் மறுக்கப்பட்டு, 47 நாட்கள் அவர்கள் சிறையில் வாடினர். உயிர்காக்கும் ஊழியமே குற்றமாகிவிட்ட அவ்வாண்டின் இறுதியில்தான், எய்ட்ஸ் தடுப்புப் பணியில் ஈடுபட்டிருந்த நாஸ் பவுண்டேஷன் இப்பிரிவை எதிர்த்து டில்லி உயர்நீதிமன்றத்தில் தன் மனுவைத் தாக்கல் செய்தது.

அவ்வழக்கில் மத்திய அரசாங்கத்தின் இரு கரங்கள் ஒன்றையொன்று எதிர்த்து நின்றன. உள்துறை அமைச்சகம் சட்டத்தைக் காக்க முற்பட, சுகாதாரத் துறையைச் சார்ந்த தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு நிறுவனமோ, ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களுள் நூற்றுக்கு ஏறத்தாழ எண்மரிடம் கிருமி காணப்படுகிறது என்றும், சட்டத்தின் அச்சம் அவர்களைத் தலைமறைவாக்கித் தடுப்புப் பணியைக் குலைக்கிறது என்றும் 2006-இல் பிரமாணப் பத்திரம் சமர்ப்பித்தது. 2009-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் உயர்நீதிமன்றம், வயது வந்தோர் மனமொப்பித் தனிமையில் கூடுவது குற்றமாகாதெனத் தீர்ப்பளித்தது.

2013-இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை ரத்துச் செய்தபோது கூறிய காரணங்களுள் ஒன்று, நூற்றைம்பது ஆண்டுகளில் இருநூறு பேருக்கும் குறைவானவர் மீதே வழக்கு நடந்துள்ளது என்பது. வழக்கில் சிக்கியோரை எண்ணி ஒரு சட்டத்தின் கொடுமையை அளத்தல் நியாயமன்று. மிரட்டிப் பணம் பறித்த போலீசாருக்கு அஞ்சியோரையும், சிகிச்சையை நாடாமலே மாண்டோரையும் எந்த நீதிமன்றப் பதிவேடு கணக்கிட்டது?

இறுதியாக, 2018-ஆம் ஆண்டு செப்டம்பர் 6-ஆம் நாள், உச்ச நீதிமன்றத்தின் ஐவர் கொண்ட அரசியல் சாசன அமர்வு அத்தளையை அகற்றியது. நோயுற்றோரிடம் பாரபட்சம் காட்டுவதைத் தடைசெய்யும் எச்.ஐ.வி. சட்டமும் நான்கே நாட்களில் அமலுக்கு வந்தது. இனி, மருத்துவமனையில் ஒருபால் ஈர்ப்புடையோரை எதிர்கொள்ளும் ஊழியரும், இல்லத்தில் இவர்களை வளர்க்கும் பெற்றோரும் அருவருப்பை விடுத்து ஆதரவளிக்க வேண்டும். ஒருவனுடைய மானத்தைப் பறித்துவிட்டு அவன் உயிரைக் காத்தல் இயலாது என்பதே இவ்வரலாறு நமக்குக் கற்பிக்கும் பாடம்.