பண்ணைப் பாலத்துக் கண்கூச்சமும் ‘பொலறைஸ்ட்’ கண்ணாடியின் இருநூறு ஆண்டுக் கதையும்

 

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

தீவகப் பாடசாலைகளில் படிப்பிக்கும் எங்களிடம் அடிக்கடி வரும் கேள்வி ஒன்று: “பொலறைஸ்ட் கண்ணாடி என்று இரண்டு மடங்கு விலை சொல்கிறார்கள். வாகனம் ஓட்டுவதற்கு அது உண்மையில் பிரயோசனமா, இல்லை வெறும் விளம்பரமா?” பாடசாலைக்கு மோட்டார் சைக்கிளில் வரும் ஆசிரியர்கள் கேட்கிறார்கள். குறிகட்டுவானுக்கு வான் ஓட்டும் தம்பிமார் கேட்கிறார்கள். பிள்ளைகளும் கேட்கிறார்கள்.

ஒரு சொல்லில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்தக் கண்ணாடி எப்படிப் பிறந்தது என்ற வரலாறு தெரிந்தால், எங்கே அது உதவும், எங்கே உதவாது, எங்கே ஆபத்தாகும் என்பதை நாங்களே தீர்மானித்துக்கொள்ளலாம். கடைக்காரர் சொல்வதை நம்பியிருக்கத் தேவையில்லை.

எங்கள் பாதையை முதலில் பாருங்கள். யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைக் கடலைத் தாண்டி வேலணை. வேலணையிலிருந்து இன்னொரு கடற்பாலம் தாண்டிப் புங்குடுதீவு. அங்கிருந்து குறிகட்டுவான் இறங்குதுறை. அதற்குப் பிறகு நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகு. நயினை அம்மனுக்குப் போகிறவரும், நாகவிகாரைக்குப் போகிறவரும், அங்குள்ள பள்ளிவாசலுக்குப் போகிறவரும் இதே பாதையால்தான் போகவேண்டும். பாதையின் இரு பக்கமும் ஆழமில்லாத கடல். காற்று விழுந்த நேரத்தில் அது கடல் இல்லை, படுக்கப் போட்ட கண்ணாடி. மேலேயிருந்து வரும் வெயிலைத் தொப்பி மறைக்கும். கீழேயிருந்து வரும் வெயிலை எது மறைக்கும்? இந்தக் கேள்விக்குப் பதில் கண்டுபிடிக்க மனித குலத்துக்கு நெடுங்காலம் எடுத்தது.

கண்ணுக்குள் வரும் ஒளி

ஆரம்பத்தில், கண்ணிலிருந்து ஏதோ ஒரு கதிர் வெளியே போய்ப் பொருளைத் தொடுவதால்தான் பார்வை உண்டாகிறது என்று பல கிரேக்க அறிஞர்கள் நினைத்தார்கள். பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம், சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எழுதிய ‘கிதாபுல் மனாழிர்’ என்ற நூலில் இதை மறுத்தார். அவர் எடுத்த சான்று மிக எளிமையானது. சூரியனைப் பார்த்தால் கண் நோகிறது. கடும் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு இருட்டறைக்குள் போனால் சிறிது நேரம் ஒன்றும் தெரிவதில்லை. அப்படியானால் ஒளிதான் கண்ணுக்குள் வந்து கண்ணில் வேலை செய்கிறது. கண்கூச்சத்தையே சான்றாக வைத்து ஒளியியலைத் தொடங்கிய மனிதர் அவர். அந்த நூலின் ஆயிரம் ஆண்டையும் நினைவுகூர்ந்துதான் 2015ஆம் ஆண்டு சர்வதேச ஒளி ஆண்டாகக் கொண்டாடப்பட்டது.

ஒரு மாலை, ஒரு யன்னல்

1669இல் டென்மார்க்கைச் சேர்ந்த பார்த்தொலின், ஐஸ்லாந்திலிருந்து வந்த ஒரு தெளிவான பளிங்குக் கல்லினூடாகப் பார்த்தால் ஒரு பொருள் இரண்டாகத் தெரிவதை எழுதி வைத்தார். ஏன் இரண்டு என்பது நீண்ட காலம் புதிராகவே இருந்தது.

1808இல் பாரிஸ் நகரில் எற்றியன் மாலு என்ற இராணுவப் பொறியியலாளர் அந்தக் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு, எதிரே லக்சம்பேர்க் மாளிகையின் யன்னல்களில் பட்டுத் தெறித்த மாலைச் சூரியனைப் பார்த்தார். கல்லைத் திருப்பத் திருப்ப, இரண்டு பிம்பங்களில் ஒன்று மங்கியது. இன்னும் திருப்ப மற்றது மங்கியது. நேரே வரும் சூரிய ஒளியில் இப்படி நடப்பதில்லை. தெறித்து வரும் ஒளியில்தான் நடந்தது. இரவு மெழுகுதிரி வெளிச்சத்தை நீரிலும் கண்ணாடியிலும் படவிட்டுப் பார்த்தார். அங்கும் அதே கதை. தெறிப்பு ஒளியின் குணத்தை மாற்றிவிடுகிறது என்பது தெரிந்தது. இதற்கு ‘முனைவாக்கம்’ என்ற பெயரும் அவர் வைத்ததுதான். 1812இல், 36 வயதிலேயே மாலு இறந்துவிட்டார்.

ஸ்கொட்லாந்தின் டேவிட் புரூஸ்டர் 1815இல் இதைக் கணக்காக்கினார். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறிப்பிட்ட கோணம் உண்டு. அந்தக் கோணத்தில் தெறிக்கும் ஒளி முழுவதும் ஒரே திசையில் அதிரும். தண்ணீருக்கு அந்தக் கோணம் செங்குத்திலிருந்து ஏறத்தாழ 53 பாகை. நீர்ப்பரப்பிலிருந்து அளந்தால் 37 பாகை.

வகுப்பில் இதை விளக்க எங்களுக்கு வெளிநாட்டு உதாரணம் தேவையில்லை. பனைமட்டை வேலியை எடுங்கள். நிமிர்த்தி அடித்த மட்டைகளுக்கு இடையில் ஒரு கயிற்றை விட்டு மறுமுனையை ஒருவர் பிடித்துக்கொள்ளட்டும். கயிற்றை மேலும் கீழுமாக ஆட்டினால் அலை இடுக்கால் போய்விடும். இடமும் வலமுமாக ஆட்டினால் மட்டையில் அடிபட்டு நின்றுவிடும். சாதாரண ஒளி எல்லாப் பக்கமும் அதிர்கிறது. கடலில் பட்டுத் தெறிக்கும் ஒளி பெரும்பாலும் கிடையாக அதிர்கிறது. பொலறைஸ்ட் கண்ணாடி நிமிர்ந்த மட்டை வேலி. கிடையாக வருவதை அது மறித்துவிடும். சாதாரணக் கறுப்புக் கண்ணாடியோ பாதையையும் கடலையும் எதிரே வரும் ஆளையும் ஒரே அளவாக மங்கவைக்கும். வித்தியாசம் இவ்வளவுதான். ஆனால் கடற்பாலத்தில் இது பெரிய வித்தியாசம்.

திருச்சியில் பிறந்தவர் கடலைப் பார்த்த விதம்

இந்தக் கதையில் தமிழருக்கும் ஓர் இடமுண்டு. 1921இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பிரதிநிதியாக இங்கிலாந்து போன சி. வி. இராமன், கப்பலில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலத்தைப் பார்த்து வியந்தார். ஆழ்கடலின் நீலம் வானத்தின் தெறிப்பே என்று பெரும் விஞ்ஞானி ரேலி பிரபு சொல்லியிருந்தார். எல்லோரும் அதை ஏற்றிருந்தார்கள்.

இராமனிடம் நிக்கல் முப்பட்டகம் ஒன்று இருந்தது. மாலு பார்த்த அதே வகைப் பளிங்கில் செய்த கருவி. புரூஸ்டர் சொன்ன கோணத்தில் நின்று அதனூடாகக் கடலைப் பார்த்தார். மேற்பரப்பின் தெறிப்பு அணைந்தது. வானத்தின் தெறிப்புத்தான் நீலம் என்றால் நீலமும் கூடவே மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை, இன்னும் ஆழமான நீலமாகத் தெரிந்தது. அப்படியென்றால் தண்ணீருக்கு உள்ளேயிருந்தே அந்த நிறம் வருகிறது, நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். திரும்பிய ‘நார்குண்டா’ கப்பலிலிருந்தே ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதினார். அங்கே தொடங்கிய தேடல் 1928 பெப்ரவரி 28இல் ‘இராமன் விளைவில்’ முடிந்தது. 1930இல் நோபல் பரிசு.

பொலறைஸ்ட் கண்ணாடி போட்டுக்கொண்டு பண்ணைக் கடலைப் பார்க்கும் ஒருவர், இராமன் கப்பல் தளத்தில் செய்த பரிசோதனையைத்தான் செய்கிறார். பளபளப்பு மறைந்து அடிமணலும் பாசியும் தெரிகின்றன.

நாய், மருந்து, முகப்பு விளக்கு

பளிங்குக் கல்லை மூக்கில் மாட்ட முடியாது. மலிவாக, மெல்லியதாக வேறொன்று வேண்டும். அதற்கான வழி விசித்திரமானது. 1852இல் இங்கிலாந்தின் பிறிஸ்ரல் நகர வைத்தியர் ஹெரபத், கொயினா மருந்து கொடுக்கப்பட்ட நாயின் சிறுநீரில் தன் மாணவர் அயடீன் விட்டபோது சின்னச் சின்னப் பச்சைப் பளிங்குகள் உண்டாவதைக் கண்டார். அவை ஒளியை முனைவாக்கின. ஆனால் பெரிய பளிங்காக வளர்க்க முடியாமல் போனது.

ஏறக்குறைய எழுபத்தைந்து ஆண்டுகளுக்குப் பிறகு, ஹாவார்ட் பல்கலைக்கழகப் படிப்பை இடையில் விட்ட எட்வின் லான்ட் என்ற அமெரிக்க இளைஞர் இதை வேறு விதமாக யோசித்தார். பெரிய பளிங்கு ஏன்? கோடிக்கணக்கான ஊசிப் பளிங்குகளைப் பிளாஸ்டிக் தாளில் ஒரே திசையில் அடுக்கினால் போதுமே! 1929இல் அதற்கு உரிமம் கேட்டு விண்ணப்பித்தார். அவர் நடத்திய கம்பனிதான் 1937இல் ‘பொலரொயிட்’ ஆனது.

இங்கேதான் எங்கள் கேள்விக்கு மிக நெருக்கமான பகுதி வருகிறது. லான்ட் முதலில் நினைத்தது வெயிலைப் பற்றி அல்ல, இரவைப் பற்றி. எதிரே வரும் வாகனத்தின் முகப்பு விளக்கு ஓட்டுநரின் கண்ணைக் கூசவைத்து விபத்து நடக்கிறது. எல்லா வாகனங்களின் விளக்குகளிலும் 45 பாகை சாய்வாக இந்தத் தாளைப் பொருத்தி, ஓட்டுநருக்கு முன்னாலும் அதே சாய்வில் ஒன்றை வைத்தால், எதிரே வரும் விளக்கின் கூச்சம் அணைந்துவிடும். தன் விளக்கின் வெளிச்சம் மட்டும் தெரியும். அழகான திட்டம். ஆனால் தாள் பாதிக்கு மேல் வெளிச்சத்தை விழுங்கியது. ஒரே நேரத்தில் எல்லா வாகனங்களிலும் பொருத்தினால்தான் பயன். வாகனக் கம்பனிகள் ஏற்கவில்லை.

இரவுக்காகப் பிறந்த தாள் கடைசியில் பகலுக்குப் போனது. 1930களின் நடுப்பகுதியில் அதே தாளில் வெயிற்கண்ணாடிகள் விற்பனைக்கு வந்தன. இரண்டாம் உலகப் போரில் படையினரின் கண்காப்புகளில் பயன்பட்டது.

சரி, வாங்கலாமா?

இந்த வரலாற்றை வைத்து எங்கள் பாதைக்குப் பதில் சொல்கிறோம்.

ஒன்று. பகலில், தண்ணீர் ஓரமாக, நனைந்த தார்ப் பாதையில், முன் கண்ணாடியில் டாஷ்போர்ட்டின் நிழல் விழும் வாகனத்தில், நிச்சயம் பிரயோசனம். சூரியன் 37 பாகை உயரத்தில் நிற்கும்போது பயன் உச்சம். எங்கள் பக்கத்தில் அது ஏறத்தாழ காலை எட்டரைக்கும் ஒன்பதரைக்கும் இடையில். பின்னேரம் மூன்றுக்கும் நாலுக்கும் இடையில்.

இரண்டு. நேரே முகத்தில் அடிக்கும் சூரியனுக்கு இது விசேட மருந்து அல்ல. நேரடி வெயில் முனைவாக்கப்பட்டதல்ல என்று மாலுவின் யன்னலே காட்டிவிட்டது. யாழ்ப்பாணத்திலிருந்து காலையில் மேற்கே தீவுக்கு வந்து பின்னேரம் கிழக்கே திரும்பும் எங்களுக்குச் சூரியன் இரு நேரமும் முதுகில். தீவில் இருந்து நகரத்துக்கு வேலைக்குப் போய் வரும் எங்கள் மக்களுக்கு இரு நேரமும் முகத்தில். கஷ்டம் அவர்களுக்குத்தான் கூட. அவர்களுக்குக் கண்ணாடியோடு வாகனத்தின் வெயில் மறைப்பும், கீறல் விழாத சுத்தமான முன்கண்ணாடியும், வேகக் குறைப்பும் சேர்ந்தே வேண்டும்.

மூன்று. இரவில் வேண்டாம். கறுப்பும் வேண்டாம், ‘நைற் டிரைவிங்’ என்று விற்கும் மஞ்சளும் வேண்டாம். எதிரே வரும் வாகனங்களின் விளக்கில் லான்டின் தாள் இல்லை. அதனால் எங்கள் கண்ணில் மட்டும் மாட்டிப் பயனில்லை. இருக்கும் வெளிச்சத்தைத்தான் இழப்போம். 2019இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில், மஞ்சள் கண்ணாடி போட்டவர்களை வாகனம் ஓட்டும் மாதிரிக் கருவியில் வைத்துச் சோதித்தார்கள். எதிர் விளக்கின் கூச்சத்தில் பாதசாரியைக் காண்பதற்கு அந்தக் கண்ணாடி உதவவில்லை. பாலத்தில் விளக்கில்லாத சைக்கிளில் வருகிறவர் யாருடைய தகப்பனோ, யாருடைய பிள்ளையோ. எங்கள் தம்பிமார் இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கள்.

நான்கு. ‘பொலறைஸ்ட்’ என்பது வேறு, புற ஊதாக் கதிரைத் தடுப்பது வேறு. இரண்டும் இருக்கிறதா என்று பாருங்கள். ‘யூவி 400’ என்ற குறிப்பு வேண்டும். கதிரைத் தடுக்காத கறுப்புக் கண்ணாடி, கண்மணியை விரியவைத்து அந்தக் கதிர் இன்னும் உள்ளே போக வழி விடும். மிகக் கடும் கறுப்பான நாலாம் தரக் கண்ணாடிகள் வாகனம் ஓட்டுவதற்கு உரியவை அல்ல.

ஐந்து. கைத்தொலைபேசித் திரையிலும் இதே தாள் இருக்கிறது. அதனால் சில கோணங்களில் திரை கறுப்பாகத் தெரியும். தலைக்கவசத்தின் முன்மறைப்பில் வானவில் திட்டுகள் தெரியலாம். பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் பாதையில் ஊற்றுண்ட எண்ணெயின் மினுக்கமும் மறையலாம். மோட்டார் சைக்கிள்காரர் இதைக் கவனிக்க வேண்டும்.

பரிசோதிக்கும் வழியும் சுலபம். கடையிலேயே உங்கள் தொலைபேசித் திரையை வெள்ளையாக்கி, கண்ணாடியை அதன் முன் பிடித்து மெல்லத் திருப்புங்கள். ஒரு நிலையில் திரை இருண்டு, கால் வட்டம் திருப்ப மறுபடி தெளிந்தால் அது பொலறைஸ்ட். பெரும்பாலான திரைகளில் இது வேலை செய்யும். மாற்றமே இல்லையென்றால் நீங்கள் ஸ்டிக்கருக்குத்தான் காசு கொடுக்கிறீர்கள். புற ஊதாக் கதிரை இப்படிப் பார்க்க முடியாது. அதை ஒரு கண்ணாடிக் கடையில் கருவியால் அளக்கச் சொல்லுங்கள்.

நாற்பது, ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கூச்சம் திடீரெனக் கூடினால், கண்ணாடிக் கடைக்கு முன் கண் வைத்தியரிடம் போங்கள். கண்புரையின் ஆரம்பமாக இருக்கலாம். அதற்கு எந்தக் கறுப்புக் கண்ணாடியும் மருந்தாகாது.

முடிவாக: தினமும் கடற்பாலம் தாண்டுகிறவருக்கு அந்த மேலதிகக் காசு வீண் அல்ல. ஊருக்குள் ஒழுங்கையில் ஓடுகிறவருக்கு, புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சாதாரணக் கண்ணாடியே போதும்.

விஞ்ஞான பாடம் படிப்பிக்கும் சகோதர ஆசிரியர்களே, அடுத்த கிழமை ஒரு பொலறைஸ்ட் கண்ணாடியையும் ஒரு கயிற்றையும் வகுப்புக்குக் கொண்டு போங்கள். மட்டை வேலி எப்படியும் பக்கத்தில் இருக்கும். கடலும் பக்கத்தில்தான் இருக்கிறது. இராமன் கப்பலில் கண்டதை எங்கள் பிள்ளைகள் கரையில் நின்றே காணட்டும்.

உங்கள் அனுபவங்களைக் கீழே எழுதுங்கள். வான் ஓட்டும், மோட்டார் சைக்கிள் ஓட்டும் உறவுகளுக்கும் அனுப்பிவிடுங்கள்.