உருகிய நீர் போகும் வழி



1833ஆம் ஆண்டு மே மாதத்திலே பொஸ்டன் துறையினின்று 'டஸ்கனி' என்னும் பாய்க்கப்பல் கல்கத்தாவை நோக்கிப் புறப்பட்டது. பிரெடெரிக் டியூடர் என்னும் வணிகர் அதில் ஏற்றி அனுப்பிய சரக்கு, ஏறக்குறைய 180 தொன் பனிக்கட்டி. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, செப்டெம்பரிலே கப்பல் கரைசேர்ந்தபோது 100 தொன் வரையில் எஞ்சியிருந்தது. எஞ்சியதை வியந்து பேசுவோர் பலர். நீராய்ப் போனதைப் பற்றிக் கேட்போர் சிலரே.

டியூடர் அந்த நீரை நன்கறிந்தவர். 1806இலே அவர் மார்ட்டினிக் தீவுக்கு முதன்முதல் அனுப்பிய பனிக்கட்டி, வைக்கக் களஞ்சியமின்றிக் கரைந்து பெருநட்டம் விளைவித்தது. வெப்பம் உள்ளே புகாமல் தடுத்தால் மட்டும் போதாது; உருகிய நீரும் வெளியேற வேண்டும். நனைந்த மரத்தூள் வெப்பத்தைத் தடுக்கமாட்டாது. ஆதலால் நல்ல களஞ்சியங்களின் அடியிலே வடிகால் அமைத்தார்கள்.

பின்னர் மேல்நாட்டு வீடுகளிலே பனிக்கட்டி வைக்கும் மரப்பெட்டி வந்தது. உருகிய நீர் ஒரு குழாய் வழியே கீழேயுள்ள தட்டில் விழும். தட்டைக் கவிழ்க்க மறந்தால் அடுக்களை குளமாகும்!

1834இலே ஜேக்கப் பெர்க்கின்ஸ் இலண்டனில் காப்புரிமை பெற்ற குளிரூட்டும் பொறியின் வழிவந்தவை, 1920களில் அமெரிக்க வீடுகளிற் பரவின. பனிக்கட்டி விற்பவனின் வரவு குறைந்தது. நீரின் தொல்லையோ குறையவில்லை. இப்போது அது காற்றிலிருந்து வந்தது. கதவு திறக்குந்தோறும் ஈரக்காற்று உட்புகுந்து, குளிர்ந்த குழாய்களின்மேல் உறைபனியாய்ப் படிகிறது. அவ்வுறைபனி ஒரு போர்வைபோல் நின்று குளிரைத் தடுக்க, பொறி ஓயாது ஓடுகிறது. பொறியை நிறுத்தி அது உருகும்வரை பொறுத்திருக்க மனமின்றிக் கத்தியாற் குத்தியவர் உண்டு. குழாய் துளைபட்டு வாயு வெளியேறினால் பெட்டியின் கதை முடிந்தது.

இத்தொல்லையை நீக்கவே உறைபனி படியாத பெட்டிகள் தோன்றின. இடையிடையே ஒரு மின்சூடாக்கி உறைபனியை உருக்குகிறது. நீர் சிறுதுவாரம் வழியே இறங்கி, அடியிலுள்ள தட்டைச் சேர்ந்து, பொறியின் சூட்டில் ஆவியாகிறது. மீண்டும் அந்தப் பழைய வடிகாலும் தட்டுமே! உணவுத் துணுக்கோ பனிக்கட்டியோ துவாரத்தை அடைத்தால், நீர் உள்ளே தேங்கிப் பாளமாய் உறையும். பின்பு கதவோரமாய்த் தரையில் ஒழுகும். பழுதுபார்ப்பவரை அழைக்குமுன், உணவை வேறிடத்தில் வைத்து, மின்சாரத்தை நிறுத்தி, பனிக்கட்டி தானாக உருகியபின் இளஞ்சூட்டு நீரைத் துவாரத்தில் மெல்ல ஊற்றிப் பாருங்கள். நீர் தடையின்றி இறங்கியும் உறைபனி மீண்டும் விரைவில் திரண்டால், கதவின் இரப்பர் விளிம்பிலே ஒரு கடதாசித் துண்டை வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். கடதாசி தடையின்றி வழுகி வந்தால், ஈரக்காற்று அவ்வழியே நுழைகிறது. விளிம்பைத் துடைத்துப் பார்த்தும் பயனில்லையேல் புதியது பொருத்த வேண்டும்.