மாதிரித் தொடருந்து அமைப்பு

மாதிரித் தொடருந்து அமைப்பு என்பது இருப்புப்பாதை ஒன்றை அதன் தண்டவாளங்கள், வண்டிகள், நிலையங்கள், சுற்றியுள்ள நிலத்தோற்றம் ஆகியவற்றுடன் ஒரு குறிப்பிட்ட விகிதத்தில் சிறிதாக்கிக் கட்டி, இயக்கிக் காட்டும் அமைப்பு ஆகும். இதனைக் கட்டுவது பல நாடுகளில் ஒரு பொழுதுபோக்காக உள்ளது. விளையாட்டுத் தொடருந்தில் வண்டி ஓடினால் போதுமானது. மாதிரி அமைப்பில் எஞ்சின், நடைமேடை, மரம், மனிதர் என அனைத்தும் ஒரே விகிதத்தில் அமைதல் வேண்டும்.

இந்தியாவில் இப்பொழுதுபோக்கில் ஈடுபடுவோர் எதிர்கொள்ளும் தனிச்சிக்கல் ஒன்று உண்டு. இந்திய இருப்புப்பாதைகளின் அகலம், கடைகளில் கிடைக்கும் பெரும்பாலான மாதிரித் தண்டவாளங்களின் அகலத்துடன் பொருந்துவதில்லை. இக்கட்டுரை விருதுநகர், சிவகாசி வழியாகத் தென்காசி செல்லும் பாதையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அத்தகைய அமைப்பைக் கட்டும் முறையை விளக்குகிறது.

வரலாறு

செருமனியின் மார்க்லின் நிறுவனம் 1891 ஆம் ஆண்டில் லைப்சிக் சந்தையில் சாவி கொடுத்து இயக்கும் தொடருந்துகளை, விரித்துக் கட்டக்கூடிய தண்டவாளங்களுடன் அறிமுகப்படுத்தியது. தண்டவாள அகலங்களுக்கு எண்ணிட்டு வரையறுத்ததால் ஒருமுறை வாங்கியதனுடன் பின்னர் வாங்கியதைச் சேர்க்க முடிந்தது. இருபதாம் நூற்றாண்டில் வீடுகளில் இடம் குறையக் குறைய மாதிரிகளின் அளவும் குறைந்தது. 1935 ஆம் ஆண்டில் அமெரிக்காவில் தேசிய மாதிரி இருப்புப்பாதைச் சங்கமும், 1954 ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் மோரோப் என்னும் கூட்டமைப்பும் தோன்றிச் சக்கரம், தண்டவாளம், மின்னழுத்தம் ஆகியவற்றுக்குச் சீர்தரங்களை வகுத்தன. ஒரு நிறுவனத்தின் வண்டி மற்றொரு நிறுவனத்தின் தண்டவாளத்தில் ஓடுவதற்கு இச்சீர்தரங்களே காரணம்.

அளவு விகிதமும் பாதை அகலமும்

இவ்விரண்டும் வெவ்வேறானவை. உண்மைப் பொருள் எத்தனை மடங்கு சிறிதாக்கப்பட்டது என்பது அளவு விகிதம். இரு தண்டவாளங்களின் உட்பக்கங்களுக்கு இடையேயுள்ள தொலைவு பாதை அகலம். பரவலாகப் பயன்படும் சில அளவுகள் வருமாறு:

- ஓஓ: விகிதம் 1:76.2, பாதை அகலம் 16.5 மி.மீ. (பெரும்பாலும் பிரித்தானியாவில்)
- எச்ஓ: விகிதம் 1:87, பாதை அகலம் 16.5 மி.மீ.
- எச்ஓஎம்: விகிதம் 1:87, பாதை அகலம் 12 மி.மீ. (மீட்டர் பாதைகளுக்கு)
- டிடி: விகிதம் 1:120, பாதை அகலம் 12 மி.மீ.
- என்: விகிதம் 1:160, பாதை அகலம் 9 மி.மீ.
- இசட்: விகிதம் 1:220, பாதை அகலம் 6.5 மி.மீ.

எச்ஓ அளவின் 16.5 மி.மீ. அகலத்தை 87ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 1435 மி.மீ. கிடைக்கும். இது ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வழங்கும் நியமப் பாதையின் அகலம் ஆகும். என் அளவிலும் (9 x 160 = 1440) இதே நிலைதான். அதாவது இவ்வளவுகள் நியமப் பாதைக்காகவே வகுக்கப்பட்டவை.

இந்தியப் பாதைகளின் பொருத்தம்

இந்திய அகலப்பாதை 1676 மி.மீ. அகலமுடையது. இலங்கையின் இருப்புப்பாதைகளும் இதே அகலமுடையவை. 1:87 விகிதத்தில் இது 19.3 மி.மீ. ஆக இருத்தல் வேண்டும். கடையில் கிடைக்கும் 16.5 மி.மீ. தண்டவாளத்தில் இந்திய வண்டியை வைத்தால், பெட்டியின் உடல் சரியான அளவிலும் அதன் கால்கள் குறுகியும் தோன்றும். உண்மை அளவில் கணக்கிட்டால் இந்தப் பிழை 240 மி.மீ. ஆகும். பலர் இதனைப் பொருட்படுத்துவதில்லை. சிலர் 19.3 மி.மீ. பாதையைக் கையால் கட்டி, சக்கர அச்சுகளையும் அதற்கேற்ப மாற்றுகின்றனர்.

மீட்டர் பாதையின் நிலை வேறு. 1000 மி.மீ. அகலம் 1:87 விகிதத்தில் 11.5 மி.மீ. ஆகிறது. சுவிட்சர்லாந்தின் மீட்டர் பாதைகளுக்காக உருவான எச்ஓஎம் தண்டவாளம் 12 மி.மீ. அகலமுடையதால் பிழை அரை மி.மீ. மட்டுமே. இன்று ஓடும் அகலப்பாதையைவிட, தமிழ்நாட்டில் பெரும்பாலும் மறைந்துவிட்ட மீட்டர் பாதையையே துல்லியமாக மாதிரியாக்க முடியும் என்பது இதனால் பெறப்படும்.

எடுத்துக்காட்டு: விருதுநகர் - தென்காசி பாதை

விருதுநகரிலிருந்து திருத்தங்கல், சிவகாசி, திருவில்லிபுத்தூர், இராசபாளையம், சங்கரன்கோவில், கடையநல்லூர் வழியாகத் தென்காசி செல்லும் பாதை 1927 ஆம் ஆண்டில் தென்னிந்திய இருப்புப்பாதை நிறுவனத்தால் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் சென்ற மீட்டர் பாதை அஞ்சல் வண்டி இவ்வழியே ஓடியது. 1992 ஆம் ஆண்டில் தொடங்கிய ஒரே அகலத் திட்டத்தின் தொடர்ச்சியாக, 2000களின் தொடக்க ஆண்டுகளில் இப்பாதை அகலப்பாதையாக மாற்றப்பட்டது. விருதுநகரிலிருந்து அருப்புக்கோட்டை வழியாக மானாமதுரை செல்லும் பாதை 2013 ஆம் ஆண்டில் அகலப்பாதையாயிற்று. தமிழ்நாட்டில் இன்று மீட்டர் பாதையில் பயணிகள் தொடருந்து ஓடுவது நீலகிரி மலை இருப்புப்பாதையில் மட்டுமே.

மாற்றம் கட்டம் கட்டமாக நடந்ததால், விருதுநகர் சந்திப்பில் சில காலம் இரு அகலப் பாதைகளும் ஒருங்கே இருந்தன. அக்காலத்தை மாதிரியாக்க விரும்புவோர் 16.5 மி.மீ., 12 மி.மீ. பாதைகளை அருகருகே இடலாம். ஆனால் உண்மையில் 1.68 மடங்காக இருந்த அகல வேறுபாடு இங்கு 1.38 மடங்காகச் சுருங்கிவிடும். இரு பாதைகளும் ஒரே பார்வையில் வரும் இத்தகைய இடத்தில் அகலப்பாதையைக் கையால் கட்டுவதே வேறுபாட்டை உள்ளபடி காட்டும்.

திட்டமிடல்

கட்டத் தொடங்குமுன் காலம், இடம், விகிதம் ஆகிய மூன்றையும் முடிவு செய்தல் வேண்டும். காலம் முடிவானால் வண்டிகளும் முடிவாகும். மீட்டர் பாதைக் காலத்துக்கு ஒய்பி, ஒய்ஜி வகை நீராவி எஞ்சின்களும், பிற்காலத்துக்கு ஒய்டிஎம்-4 டீசல் எஞ்சினும் பொருந்தும். மின்கம்பிகளுக்குக் கீழே நீராவி எஞ்சினை ஓடவிட்டால் காலம் குழம்பிவிடும்.

விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையே பாதை நீளம் சுமார் 25 கி.மீ. ஆகும். இதனை 1:87 விகிதத்தில் முழுமையாகக் கட்ட 287 மீட்டர் நீளம் தேவை. எனவே ஓர் இடத்தின் அடையாளமான கூறுகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் சுருக்கிக் கட்டுவது வழக்கம். எடுத்துக்காட்டாக, நிலையக் கட்டடம், நடைமேடை, ஒரு கடவுப் பாதை, கைகாட்டி மரங்கள், ஊரை ஒட்டிய ஒரு கடவு வாயில் ஆகியவை போதுமானவை.

வண்டியின் நீளமும் கணக்கில் கொள்ளத்தக்கது. அகலப்பாதையின் பழைய ஐசிஎஃப் பெட்டி ஒன்று சுமார் 22.3 மீ. நீளமுடையது. 1:87 விகிதத்தில் இது 256 மி.மீ. ஆகும். பத்துப் பெட்டிகளின் நீளம் 2.56 மீ. கடைகளில் கிடைக்கும் 8 x 4 அடி ஒட்டுப்பலகையின் நீளமோ 2.44 மீ. மட்டுமே. ஆகையால் அப்பலகையில் எச்ஓ அளவில் நான்கு அல்லது ஐந்து பெட்டிகளே அழகாக ஓடும். நீண்ட வண்டியை விரும்புவோர் 1:160 விகிதத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒரு பாதையை மற்றொன்றின் மேலே கொண்டு செல்ல எச்ஓ அளவில் சுமார் 75 மி.மீ. உயரம் வேண்டும். 50க்கு 1 என்ற ஏற்றத்தில் அவ்வுயரத்தை அடைய 3.75 மீ. நீளப் பாதை தேவை. சிறிய பலகையில் மேம்பாலத்தைத் தவிர்ப்பது நலம். விருதுநகர் - சிவகாசிப் பகுதி பெரும்பாலும் சமநிலமாக இருப்பதால் மேம்பாலம் இல்லாமலே அமைப்பு இயல்பாகத் தோன்றும்.

அடித்தளமும் தண்டவாளமும்

மரச்சட்டகத்தின் மேல் ஒட்டுப்பலகையைப் பொருத்தி, அதன்மேல் தக்கைத் தாளை ஒட்டிப் பாதை இடப்படுகிறது. தக்கை ஓசையைக் குறைப்பதுடன் சரளைக்கல் மேட்டின் வடிவத்தையும் தருகிறது.

கையால் பாதை கட்டுவோருக்குச் சிவகாசி வட்டாரத்தின் பொருளொன்று பொருத்தமாக அமைகிறது. மீட்டர் பாதையின் மரக்கட்டைகள் ஆறடி நீளமும் எட்டு அங்குல அகலமும் உடையவை. 1:87 விகிதத்தில் இவை 21 மி.மீ. நீளமும் 2.3 மி.மீ. அகலமும் ஆகும். மருந்து முக்காத மரத் தீக்குச்சி ஏறத்தாழ 2 மி.மீ. தடிமனும் 40 மி.மீ. அளவு நீளமும் உடையது. அதனை இரண்டாக வெட்டினால் இரு கட்டைகள் கிடைக்கும். கட்டைகளை 8 முதல் 9 மி.மீ. இடைவெளியில் வைத்தால் ஒரு மீட்டர் பாதைக்கு ஏறத்தாழ 120 கட்டைகள், அதாவது 60 குச்சிகள், தேவைப்படும்.

தண்டவாளத்தை மரத்தில் பற்றவைக்க முடியாது. எனவே ஐந்து கட்டைகளுக்கு ஒன்று செப்புப்பூச்சுள்ள மின்சுற்றுப் பலகையிலிருந்து வெட்டி வைக்கப்பட்டு, தண்டவாளம் அதன்மீது ஈயப்பற்று வைக்கப்படுகிறது. இரு தண்டவாளங்களும் மின்சுற்றில் இணைந்துவிடாதபடி அக்கட்டையின் நடுவே செப்புப்பூச்சை அறுத்துவிடல் வேண்டும்.

மின் இயக்கம்

எளிய முறையில் இரு தண்டவாளங்களுக்கும் 12 வோல்ட் வரையிலான நேர்மின்னோட்டம் தரப்படுகிறது. மின்னழுத்தம் வேகத்தையும், முனைகளின் திசை வண்டியின் திசையையும் தீர்மானிக்கும். இம்முறையில் ஒரே பாதையில் நிற்கும் இரு எஞ்சின்களைத் தனித்தனியே இயக்க இயலாது. பாதையைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஆளி வைப்பது இதற்குப் பழைய தீர்வு ஆகும்.

1990களில் சீர்தரமாக்கப்பட்ட டிசிசி எனும் எண்முறைக் கட்டுப்பாட்டில் தண்டவாளத்துக்கு எப்போதும் முழு மின்னழுத்தம் தரப்படுகிறது. மின்னோட்டத்தின் முனைகள் விரைவாக மாறி மாறித் தகவலைச் சுமந்து செல்கின்றன. ஒவ்வோர் அரைச்சுற்றும் 58 மைக்ரோ நொடி நீடித்தால் அது 1 என்னும் துணுக்கு. சுமார் 100 மைக்ரோ நொடி அல்லது அதற்கு மேல் நீடித்தால் அது 0 ஆகும். எஞ்சினுக்குள் உள்ள சிறு மின்னணுச் சுற்று தன் முகவரிக்கு வரும் கட்டளையை மட்டும் ஏற்று நடக்கும். இதற்கெனக் கட்டற்ற மென்பொருட்களும் உள்ளன. ஜேஎம்ஆர்ஐ என்பது கணினியிலிருந்து அமைப்பைக் கட்டுப்படுத்த உதவுகிறது. டிசிசி-ஈஎக்ஸ் என்பது ஆர்டுயினோ போன்ற மலிவான சுற்றுப்பலகையைக் கட்டளை நிலையமாக்குகிறது.

எம்முறையிலும் பாதை வளைந்து சென்று தன்னையே சேரும் இடத்தில் இடத் தண்டவாளம் வலத் தண்டவாளத்தைத் தொட்டுக் குறுக்குச்சுற்று ஏற்படும். அப்பகுதியை இருபுறமும் துண்டித்துத் தனியே மின்னிணைப்புத் தருதல் வேண்டும்.

நிலத்தோற்றம்

வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் பசும்புல் தூளும் ஊசியிலை மரங்களும் இவ்வட்டாரத்துக்குப் பொருந்தா. இங்கு தேவைப்படுபவை கரிசல் மண்ணின் கருமை, சீமைக் கருவேலம் புதர்கள், பனைமரங்கள், கண்மாய்க்கரை ஆகியவை. 15 மீ. உயரமுள்ள பனை 1:87 விகிதத்தில் 172 மி.மீ. உயரமாக இருத்தல் வேண்டும். மாதிரிகளில் மரங்கள் பெரும்பாலும் குட்டையாக வைக்கப்படுவது பரவலான குறை ஆகும்.

பட்டாசு ஆலையைக் காட்ட ஒரு பெரிய கட்டடம் வைப்பது தவறு. வெடிபொருள் விதிகளின்படி ஆட்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்ட சிறு அறைகள், ஒன்றிலிருந்து மற்றொன்று விலகித் திறந்த நிலத்தில் அமைந்திருக்கும். ஓர் அறையில் நேரும் விபத்து அடுத்ததற்குப் பரவாதிருக்கவே இந்த இடைவெளி. இடத்தைச் சுருக்குவதற்காக அறைகளை நெருக்கி வைத்தால் அவ்வாலையின் இயல்பே மறைந்துவிடும். மூன்று மீட்டர் அகல அறை 34 மி.மீ. மட்டுமே ஆவதால், அறைகளின் எண்ணிக்கையைக் குறைத்து இடைவெளியைக் காப்பது ஏற்ற முறையாகும்.

பட்டாசுகளைப் பயணிகள் தொடருந்தில் எடுத்துச் செல்வது இந்தியாவில் குற்றம் என்பதால், பயணிகள் நடைமேடையில் பட்டாசுப் பெட்டிகளை அடுக்கிக் காட்டுவதும் பொருந்தாது.

பராமரிப்பும் பாதுகாப்பும்

வெப்பமான ஊர்களில் தண்டவாளம் நீள்வதற்கு இடம் விடல் வேண்டும். நிக்கல் சில்வர் தண்டவாளம் 2.44 மீ. நீளத்தில், வெப்பம் 20 பாகை உயரும்போது, ஒரு மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக நீளும். இடைவெளி இல்லையெனில் பாதை வளைந்துவிடும். தூசியால் மின்தொடர்பு அறுபடுவதைத் தவிர்க்கத் தண்டவாளத்தின் மேற்பரப்பை ஐசோபுரோப்பைல் ஆல்ககால் தோய்ந்த துணியால் துடைக்கலாம். அது தீப்பற்றக்கூடியது ஆகையால் மின்னோட்டத்தை நிறுத்தியபின் துடைத்து, உலர்ந்தபின்னரே வண்டியை இயக்குதல் வேண்டும். மருந்து முக்கிய தீக்குச்சிகளையோ உண்மையான வெடிமருந்தையோ அமைப்பில் பயன்படுத்தலாகாது.

காட்சியகங்கள்

புனே நகரின் கோத்ரூட் பகுதியில் 1998 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட ஜோஷி சிற்றுருத் தொடருந்து அருங்காட்சியகம் இந்தியாவில் பொதுமக்கள் காணக்கூடிய குறிப்பிடத்தக்க மாதிரி அமைப்பு ஆகும். செருமனியின் ஆம்பர்க் நகரில் 2001 ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட மினியாத்தூர் வுண்டர்லாண்ட் உலகின் மிகப்பெரிய மாதிரித் தொடருந்து அமைப்பாக அறியப்படுகிறது.

ஆவணப் பயன்

பாதை மாற்றத்தின்போது தண்டவாளம் மட்டுமன்றி, கைகாட்டி மரங்களும் நீரேற்றும் குழாய்களும் பழைய நடைமேடைகளும் அகற்றப்படுவதுண்டு. அருங்காட்சியகங்கள் ஓர் எஞ்சினைக் காக்க முடியும். ஒரு நிலையம் எவ்வாறு இயங்கியது, எந்தப் பாதை எதனுடன் சேர்ந்தது, எதிரெதிர் வண்டிகள் எங்கு ஒதுங்கின என்பவற்றைக் காக்க வரைபடமோ மாதிரியோ வேண்டும். எனவே மாதிரி கட்டுவோர் பழைய கால அட்டவணைகள், குடும்பங்களிடம் உள்ள ஒளிப்படங்கள், ஓய்வுபெற்ற இருப்புப்பாதைப் பணியாளர்களின் நினைவுகள் ஆகியவற்றைத் திரட்டுகின்றனர். அவ்வாறு திரட்டப்பட்ட பாதை வரைபடத்தில் அளவுகளையும் அவை கிடைத்த வழியையும் குறித்து வைத்தால், மாதிரி கலைக்கப்பட்ட பின்னரும் அவ்வரைபடம் பிறருக்குப் பயன்படும்.