கணினியைப் படியெடுத்த கதை

கணினி அறைப் பொறுப்பில் இருந்த ஆசிரியர்கள், "கோஸ்ட் பண்ணிவிடலாம்" என்று பழுதுபார்ப்பவர் கூறக் கேட்டிருப்பர். ஆங்கிலத்தில் பேயைக் குறிக்கும் இச்சொல் உண்மையில் ஒரு மென்பொருளின் பெயர். அதன் வரலாற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

1995-இல் நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரைச் சேர்ந்த பைனரி ரிசர்ச் நிறுவனத்திற்காக மரே ஹாசர்ட் என்பவர் கோஸ்டை உருவாக்கினார். 1998-இல் சைமன்டெக் நிறுவனம் அதனை வாங்கியது. நார்ட்டன் கோஸ்ட் என்ற பெயரில் அது உலகெங்கும் பரவியது.

வன்தட்டைப் படியெடுக்கும் வழி முன்பே இருந்தது. 1970-களிலேயே யூனிக்சு இயங்குதளத்தில் 'டிடி' என்னும் கட்டளை உண்டு. அது வெற்றிடத்தையும் விடாமல் தொடக்கம் முதல் இறுதிவரை நகலெடுக்கும். கோஸ்டோ கோப்புகள் உள்ள இடத்தை மட்டும் அறிந்து எடுத்து, சுருக்கி, ஒரே படிமமாக வைத்தது. இயங்குதளம், மென்பொருள்கள், அமைப்புகள் யாவும் அப்படிமத்துள் அடங்கின.

தமிழ் கற்பிப்போர்க்கு இதன் அருமை நன்கு விளங்கும். விண்டோசு எக்ஸ்பி 2001-இல் வெளிவந்தது. அதில் ஒருங்குறித் தமிழ் செம்மையாகத் தோன்ற வேண்டுமாயின், வட்டார மொழி அமைப்பினுள் சென்று அதற்குரிய ஆதரவைத் தனியே நிறுவ வேண்டும். இல்லையேல் 'பெயர்' என்னும் சொல்லின் ஒற்றைக்கொம்பு, எழுத்துக்கு முன்னால் நில்லாமல் பின்னால் போய் நிற்கும். பிழையற எழுதிய மாணவன் தன் எழுத்தையே ஐயுறுவான். தமிழ் 99 விசைப்பலகைக்கு நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலையும் நிறுவ வேண்டும்.

நான் பொறுப்பேற்றிருந்த அறையில் ஒரே வகைக் கணினிகள் 20 இருந்தன. ஒன்றைச் செவ்வனே அமைத்து, படிமம் எடுத்து, மற்ற 19 கணினிகளிலும் இறக்கினோம். பின்னர் ஒவ்வொன்றுக்கும் தனிப்பெயர் இட்டோம். ஒரே பிணையத்தில் இரு கணினிகள் ஒரே பெயர் தாங்கலாகாது. கணினி வகை வேறாயின் அப்படிமம் பெரும்பாலும் இயங்காது.

இம்முறையில் ஓர் இடரும் உண்டு. படிமத்தை மீட்கும்போது, அது எடுக்கப்பட்ட நாளுக்குப் பின் அப்பகுதியில் சேர்ந்தவை யாவும் அழியும். மென்பொருளை மீண்டும் நிறுவலாம். மாணவன் எழுதிய கட்டுரையை எந்தக் குறுவட்டும் திருப்பித் தராது. ஆகவே வன்தட்டை இரண்டாகப் பிரித்து, 'சி' பகுதிக்கு மட்டும் படிமம் எடுத்தோம். மாணவர் படைப்புகளை 'டி' பகுதியில் வைத்து, குறுவட்டிலும் பதிந்தோம். வன்தட்டே பழுதானால் இரு பகுதிகளும் ஒருங்கே போகும் என்பதை மறத்தலாகாது.

2013-இல் நார்ட்டன் கோஸ்டின் விற்பனை நின்றது. இன்று தைவானின் உயர்திறன் கணிப்பு மையம் உருவாக்கிய குளோன்சில்லா இலவசமாகக் கிடைக்கிறது. பிணையத்தின்வழி பல கணினிகளுக்கு ஒரே வேளையில் படிமத்தை அனுப்பவும் வல்லது.

எதனைப் பயன்படுத்தினாலும் படிமத்தை வேறொரு வட்டில் வையுங்கள். அதனை ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்துச் சரிபாருங்கள்.